அக்கா தரைதட்டவிட்ட படகு

என் அக்கா துறைமுகத்தில் படகு ஓட்டுகிறாள். அதே படகில் கயிறு வீசிக் கட்டுவது நான். இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூடப் படகைத் தரைதட்ட விட்டதில்லை என்று அவளுக்குத் தலைகால் புரியாத பெருமை. அடுத்தவன் படகு சேற்றில் சிக்கினால் வேலையை விட்டுவிட்டுப் போய்ச் சிரித்துவிட்டு வருவாள்.

துறைமுகத்தைப் பெரிதாக்க ஒரு கம்பெனி வந்தது. ஆறு கடலில் சேரும் இடத்தில் பழங்காலக் கல்துறை ஒன்று உண்டு. படிகள், கப்பல்களைக் கயிற்றால் கட்டிவைத்த தூண்கள், சுற்றிலும் கடற்புல், பறவைகள். அத்தனையையும் மண்கொட்டி மூடிச் சரக்குத் தளம் கட்டுவதாகத் திட்டம். தினமும் கடல் ஏறி இறங்கும்போது, தண்ணீர் வற்றினால்தான் அந்த இடம் வெளியே தெரியும். படகு உள்ளே போகவோ தண்ணீர் ஏறியிருக்க வேண்டும். அதனால் பார்வையிட வந்தவர்கள் எல்லாரும் வெறும் தண்ணீரைப் பார்த்து, அங்கே ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

கடைசியாக ஒரு மேடம் தலைமையில் வந்த அரசாங்கக் குழு சொல்வதுதான் முடிவு. கம்பெனி ஆளோடு அவர்கள் ஏறியது எங்கள் படகில்.

"பாத்தீங்களா மேடம், வெறும் தண்ணிதான்," என்றார் கம்பெனி இன்ஜினியர்.

"இன்னும் கொஞ்சம் கிட்டப் போலாமே," என்று அக்கா சுக்கானைத் திருப்பினாள். அடியில் கரகரவென்று ஒரு சத்தம். படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது.

"அக்கா! தட்டிருச்சு!"

"ஊருக்கே சொல்லு. வாய மூடிட்டு உக்காருடா."

எனக்கு மானமே போயிற்று. இன்ஜினியர் கோபத்தில் குதித்தார். "என்னம்மா ஓட்டுற நீ? லைசென்ஸ் போயிரும், தெரியுமா? வேற படகக் கூப்பிடு!"

"அதுவும் தண்ணியிலதானே சார் வரணும்? வத்த ஆரம்பிச்சிருச்சு. திரும்ப ஏறுற வரைக்கும் டீ குடிங்க."

அவள் முகத்தைப் பார்த்தேன். பதற்றம் மருந்துக்கும் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடிப்பாவி!

தண்ணீர் இறங்கியது. முதலில் தூண்களின் தலை. பிறகு படிகள், ஒவ்வொன்றாக. கடற்புல் பச்சைப்பசேலென்று படுத்துக் கிடந்தது. பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கின. மேடம் செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கி, கயிறு அறுத்த தடத்தைத் தூணில் தடவிப் பார்த்தார்.

"ஒண்ணுமே இல்லன்னீங்களே?"

இன்ஜினியர் டீ டம்ளருக்குள் எதையோ தேடினார்.

தளத்தை ஆற்றின் மறுகரைக்கு மாற்றச் சொல்லி உத்தரவு வந்தது. கல்துறையில் ஒரு கல்லைக்கூட யாரும் தொடக்கூடாதாம்.

அதற்குப் பிறகுதான் துறைமுக அலுவலகத்தில் அக்காவை விசாரித்தார்கள். அதிகாரி நல்ல மனுஷன். தப்பிக்க வழி காட்டினார்.

"கை தவறித் தட்டிருச்சுன்னு சொல்லும்மா. எச்சரிக்கையோட விட்டுர்றேன்."

"சரின்னு சொல்லுக்கா," என்று அவள் முழங்கையைக் கிள்ளினேன்.

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "கை தவறியா? நானா? எந்த எடத்துல உக்கார வைக்கணும்னு பாத்து உக்கார வச்சேன் சார்!"

லைசென்ஸை ஆறு மாதம் நிறுத்தி வைத்தார்கள். நாங்கள் வெளியே வந்தபோது, துறையில் நின்ற படகுகள் அத்தனையும் ஹாரன் அடித்தன. அக்கா கல்யாணப் பெண் மாதிரி நடந்தாள்.