மனைவியின் நாட்டுக்குப் போனவன்

நான் என் மனைவியின் பாஸ்போர்ட்டைப் பிடித்துக்கொண்டுதான் ஐரோப்பாவுக்குப் போனேன். திண்டிவனத்தில் இதை இன்னும் காதோடு காதாகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வீண் சிரமம் வேண்டாம் என்று நானே எழுதிவிடுகிறேன். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. எழுத்து கோணலாக இருக்கும். சொல்கிற விஷயம் நேராகவே இருக்கும்.

1993இல் நான் திண்டிவனத்தில் மல்லாட்டை உடைக்கும் மில்லில் வேலை பார்த்தேன். மூட்டையைத் தூக்கிக் கொட்டுவதும் வேர்க்கடலைத் தோலைக் கூட்டி அள்ளுவதும் என் வேலை. சாயங்காலம் வெளியே வரும்போது கண்ணிமையில்கூடத் தூசி படிந்திருக்கும். மில்லுக்கு எதிரே ஒரு எஸ்.டி.டி. பூத் இருந்தது. அதில் உட்கார்ந்திருந்தவளைத்தான் பிறகு கட்டிக்கொண்டேன்.

நான் யாரிடமும் முதலில் வாய் திறக்கிறவன் இல்லை. பஸ்ஸில் என் ஊர் தாண்டிப் போனாலும் நிறுத்தச் சொல்ல வெட்கப்பட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருவேன். அப்படிப்பட்டவன் ஒருநாள் எந்தத் தைரியத்தில் அந்த பூத்துக்குள் போய் நின்றேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

"யாருக்குப் போன் போடணும்?"

"யாருக்கும் இல்லீங்க."

"அப்புறம் இன்னாத்துக்கு வந்தீங்க?"

"சும்மாத்தான்."

"சும்மா நின்னாலும் இங்க மீட்டர் ஓடும், பரவால்லியா?" என்று சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

அவள் பாண்டிச்சேரிக்காரி. தாய் தகப்பன் இறந்த பிறகு திண்டிவனத்தில் சித்தி வீட்டில் இருந்தாள். நாங்கள் கட்டிக்கொள்வது என்று பேசி முடித்த பிறகுதான், பயந்து பயந்து, ஒரு விஷயம் சொன்னாள். அவள் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அதனால் அவளும் அவள் அண்ணனும் பிறந்ததிலிருந்தே பிரெஞ்சுக் குடிமக்கள். அண்ணன் பிரான்சிலேயே இருந்தார்.

வேறு ஊர்க்காரர்களுக்கு இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று தோன்றும். பாண்டிச்சேரியைச் சுற்றி இருக்கிறவர்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட பெண்ணை எங்கள் பக்கம் 'நேஷனாலிட்டி பொண்ணு' என்பார்கள். அவளைக் கட்டுகிறவன் விசா வாங்கிப் போகலாம், சில வருடங்களில் அவனும் குடிமகன் ஆகலாம். ஆகவே அங்கே சீர்வரிசை தலைகீழாகப் போகும். மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் வீட்டுக்குக் கொடுப்பார்கள். இஞ்சினியர்களெல்லாம் வரிசையில் நிற்பார்கள். அந்த வரிசையில் மல்லாட்டைத் தூசியோடு நான் முன்னால் வந்து நின்றால் ஊர் என்ன நினைக்கும்?

அவள் அண்ணன் லீவில் வந்தபோது மில் வாசலுக்கே வந்துவிட்டார். காரைவிட்டு இறங்கவில்லை.

"டேய், எந்த புரோக்கர்டா உன்ன அனுப்பினான்? பாஸ்போர்ட்டுக்குத்தான எந்தங்கச்சிய வளைச்ச?"

மில் ஆட்கள் எல்லாரும் கைவேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதுவரை என் வாழ்நாளில் நான் பேசிய பெரிய பேச்சை அன்றுதான் பேசினேன்.

"நான் உங்க நாட்டுக்கு வரவே மாட்டேன் மச்சான். எனக்கு உங்க தங்கச்சி போதும்."

மயிலம் கோயிலில் தாலி கட்டினேன். மச்சான் வரவில்லை. பாண்டிச்சேரியில் இருக்கிற பிரெஞ்சுத் தூதரகத்தில் அவளே போய்க் கல்யாணத்தைப் பதிந்தாள், பிறகு மகள் பிறந்ததையும் பதிந்தாள். நான் அந்தத் தெருப்பக்கம் போகவில்லை. போனால், 'பாத்தியா, போய்ட்டான்' என்று சொல்வதற்கு ஆள் இருந்தது.

அந்த ஆள் எங்கள் மில் மேஸ்திரி. கல்யாணமான மறுவாரமே எனக்கு 'பாரீஸு' என்று பெயர் வைத்தவர் அவர்தான். "இன்னா பாரீஸு, இன்னும் பிளேன் வரலியா?" என்பார். "டேய், பாரீஸு மேல மூட்டைய ஏத்தாதீங்கடா, சூட்டு கோட்டு கசங்கிடப்போவுது" என்பார். டீக்கடையில் அந்தப் பெயர், ரேஷன் கடையில் அந்தப் பெயர். செஞ்சி தாண்டிப் போகாதவனுக்கு உலகத்துப் பெரிய நகரத்தின் பெயர்.

நான் பதில் சொல்லவில்லை. போகாமல் இருப்பதே பதில் என்று நினைத்தேன். பன்னிரண்டு வருடம் அப்படியே இருந்தேன். மில்லும் என்னைத் தினக்கூலியாகவே வைத்திருந்தது.

பிறகு எல்லார் கையிலும் செல்போன் வந்தது. பூத்தை மூடிவிட்டார்கள். அவள் ஒரு துணிக்கடையில் நின்றாள், கால் வீங்கி அதையும் விட்டாள். ஒருநாள் காலையில் கூழ் ஊற்றிக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். வெளியே என்னை 'அவரு' என்பாள், வீட்டில் 'நீ'தான்.

"நானும் பாப்பாவும் பிரான்சுக்குப் போறோம்."

நான் கூழ்ச் சட்டியைக் கீழே வைத்தேன்.

"எங்கப்பா குண்டடி பட்டு வாங்கின உரிமை அது. அங்க வேலை செய்யறதுக்கு என்னை யாரும் ஏன்னு கேக்க முடியாது. நான் இங்க உக்காந்துகினு உன் ரோஷத்தத் தொடச்சித் தொடச்சி வெச்சிகினு இருக்கறேன்."

"ஊர்ல இன்னா பேசுவாங்க?"

"இப்ப மட்டும் பேசாம இருக்கறாங்களா? போகாதப்பவே உன்ன பாரீஸுன்றான். போனா புதுசா பேரா வெக்கப்போறான்?"

நான் சட்டியைக் கழுவ எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"வர்றதுன்னா வா. நீ வராம அங்க நான் நல்லா இருந்துடுவேன்னு நெனைக்காத. ஆனா போவேன்."

அன்று மில்லில் மூட்டை தூக்கும்போதெல்லாம் அதே நினைப்பு. யார் பேச்சை எதிர்த்து நிற்கிறேன் என்று நினைத்தேனோ, அந்த மேஸ்திரியின் வாய்தான் என்னைப் பன்னிரண்டு வருடம் நடத்தியிருக்கிறது. அவர் 'போவான்' என்றதால் நான் போகவில்லை. என் மனைவிக்கு என்ன வேண்டும் என்பது அந்தக் கணக்கில் எங்கேயும் வரவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போய், "நானும் வர்றேன்" என்றேன். அவள் ஆச்சரியப்படவில்லை. "குளிச்சிட்டு வா, தூசியா இருக்க" என்றாள்.

அவளுக்கும் மகளுக்கும் விசா தேவையில்லை. எனக்குத்தான் தேவை. அதற்குத் தூதரகத்தில் எங்கள் இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்கள். கல்யாணம் நிஜமா, பாஸ்போர்ட்டுக்காகச் செய்த நாடகமா என்று பார்ப்பதற்கு. தவறினால் அவர்கள் இருவரும் அங்கே, நான் இங்கே.

கிளியனூர் வழியாகப் போகிற பஸ்ஸில் பாண்டிச்சேரி போய் இறங்கினோம். தூதரகத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு புரோக்கர் எங்கள் முகத்தைப் பார்த்ததுமே பிடித்துக்கொண்டான். இன்டர்வியூவுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதுதான் அவன் தொழில்.

"அண்ணே, உங்க வீட்டுக்காரம்மா பல்லு விளக்குற பிரஷ்ஷு இன்னா கலரு?"

"பிரஷ்ஷு இல்லீங்க. பல்பொடி. வெரல்ல தேய்ப்பா."

"ஐயோ, அதெல்லாம் சொல்லாதீங்க. பச்சைன்னு சொல்லுங்க. அண்ணி, நீங்களும் பச்சை. கட்டில்ல யாரு எந்தப் பக்கம் படுப்பீங்க?"

"பாய்ல," என்றாள் என் மனைவி. "பாப்பா நடுவுல."

"கட்டிலுன்னு சொல்லுங்க அண்ணி! அவரு ஜன்னல் பக்கம். கல்யாண நாளுக்கு இன்னா கிஃப்ட்டு குடுப்பாரு?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் செருப்பைப் பார்த்தேன்.

"வேணாம் தம்பி," என்றேன். "இல்லாத பிரஷ்ஷையெல்லாம் நான் எங்கன்னு தேடுவேன்? இருக்கறத சொல்லிட்டு வர்றோம்."

"சொல்லிட்டு அழுதுகினு வருவீங்க," என்றான் அவன்.

உள்ளே அவளை ஓர் அறைக்கும் என்னை ஓர் அறைக்கும் அழைத்துப் போனார்கள். எனக்கு எதிரே ஒரு வெள்ளைக்கார அதிகாரி, பக்கத்தில் மொழிபெயர்க்கத் தமிழ் அம்மா ஒருவர். பூத்தைப் பற்றி, மில்லைப் பற்றி, மகள் பிறந்த ஆஸ்பத்திரியைப் பற்றிக் கேட்டார்கள். பல்பொடியைச் சொன்னேன், பாயைச் சொன்னேன். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஏதோ கேட்டார்.

"இவ்ளோ வருசமா ஏன் விசா கேக்கலன்னு கேக்கறாரு," என்றார் அந்த அம்மா. "பிரெஞ்சு பொண்ணக் கட்டினவங்க கல்யாண ஆல்பத்தோட அடுத்த வாரமே வந்துடறாங்க. நீங்க பன்னெண்டு வருசம் எட்டிக்கூடப் பாக்கல. நெஜமாவே அவங்களோட சேந்துதான் இருந்தீங்களான்னு சந்தேகமா இருக்குதாம்."

பாஸ்போர்ட்டுக்காகக் கட்டவில்லை என்று ஊருக்குக் காட்டத்தான் அத்தனை வருடம் போகாமல் இருந்தேன். அதையே இங்கே என்மேல் திருப்பி வைக்கிறார்கள். அந்த அறையில் பச்சை பிரஷ் எதுவும் உதவாது.

"சொல்லுங்க, பயப்படாதீங்க," என்றார் அந்த அம்மா.

என் குரல் எனக்கே அந்நியமாக, மில் மிஷின் சத்தத்தை மீறிக் கத்துகிறவன் குரல்போல வந்தது.

"பாஸ்போர்ட்டுக்காகக் கட்டினான்னு ஊரே சொல்லிச்சிங்க. அது பொய்யின்னு காட்டணும்னு ரோஷத்துலதான் வரல. இப்ப வந்துட்டேன். இப்பவும் அதத்தான் சொல்லுவாங்க. சொல்லிட்டுப் போவட்டும். எம் பொண்டாட்டி வேலை செய்யப் போறா, நான் அவ கூட போறேன். அவ ஆப்பிரிக்காவுக்குப் போனாலும் போவேன். இதுல நாடகம் இன்னா இருக்குது?"

அந்த அம்மா அதை மொழிபெயர்த்தார். அதிகாரி பேனாவை எடுத்து எழுதினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

திரும்பும் பஸ்ஸில் மனைவியிடம் கேட்டேன்.

"உன்னையும் அதான் கேட்டாங்களா? நீ இன்னா சொன்ன?"

"இவருக்கு ஊருன்னா பயம்னு சொன்னேன்."

"பயமா! நான் ரோஷம்னு சொன்னேன்டீ."

"போச்சுடா," என்று தலையில் அடித்துக்கொண்டாள். இருவரும் இரண்டு விதமாகச் சொல்லிவிட்டோம். கிளியனூர் வந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

விசா வந்தது. ஏன் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. பாடம் படித்துவிட்டு வந்திருந்தால் இருவரும் ஒன்றுபோலச் சொல்லியிருப்போம் என்று அதிகாரிகள் நினைத்திருக்கலாம். மேஸ்திரியிடம் சொல்லிக்கொள்ளப் போனபோது அவர் மில் முழுக்கக் கேட்கிற மாதிரி, "சொன்னேனா இல்லியா?" என்றார். "சொன்னீங்க மேஸ்திரி" என்றேன்.

பாரீஸ் பக்கத்து ஊர் ஒன்றில் அவள் முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். நான் நகராட்சிப் பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டு கழுவினேன். மில்லில் தூசி, இங்கே ஆவி, வித்தியாசம் அவ்வளவுதான். மச்சான் போன் செய்தார். "கடைசில வந்துட்ட பாத்தியா?" "வந்துட்டேன் மச்சான். ஞாயித்துக்கெழம சாப்பிட வாங்க." வந்தார். இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

குடியுரிமைக்கு மனு போட்டபோது அங்கேயும் ஓர் அதிகாரி, ஏன் பிரெஞ்சுக் குடிமகன் ஆக விரும்புகிறீர்கள் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுக்கச் சமையல்கட்டுப் பிரெஞ்சு. அதை வைத்துக்கொண்டு உள்ளதைச் சொன்னேன். என் மனைவி, மகள் நாடு இது. ஐரோப்பியக் குடிமகன் ஆனால் நகராட்சி என்னை நிரந்தரம் ஆக்கும். இரண்டும் உண்மை. நிரந்தரம் ஆனேன். இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்த அன்று அதை ஒருமுறை விரித்து என் பழைய போட்டோவைப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். அதையும் மறைக்கவில்லை. இப்போது பிறந்த ஊருக்கு வரவே எனக்கு அனுமதி வேண்டும். அதற்காக யாராவது என்னை ஊர்த் துரோகி என்று சொல்ல முன்வந்தால், முதலில் அந்த மில்லில் என்னை எந்த வருடம் நிரந்தரம் ஆக்க இருந்தார்கள் என்று கேட்டுவந்து சொல்லட்டும்.

சில வருடங்கள் கழித்துத் திண்டிவனம் வந்தபோது, கடைத்தெருவில் மளிகைக் கடையில் பல்பொடி வாங்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து குரல்.

"இன்னா பாரீஸு! அங்க பேஸ்ட்டு விக்கறதில்லியா?"

மேஸ்திரி. பல் பாதி போயிருந்தது, வாய் அப்படியே இருந்தது.

"விக்குது மேஸ்திரி. எங்க வீட்டுக்காரி பல்பொடிதான் தேய்ப்பா."

"அந்த ஊர் பாஸ்போர்ட்டே வாங்கிட்டியாமே?"

சட்டைப்பையில் இருந்ததை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். ஐரோப்பிய ஒன்றியம் என்று மேலே தங்க எழுத்தில் போட்டிருக்கும். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைக்காரரும் எட்டிப் பார்த்தார்.

"அப்போ இதுக்குத்தான் கட்டினேன்னு இப்பவாச்சும் ஒத்துக்கோ."

முன்பென்றால் காது சுட்டிருக்கும். கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். நான் எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னேன்.

"ஆமான்னே வெச்சிக்கங்க மேஸ்திரி. வருசா வருசம் பல்பொடி எடுத்துகினு போகணுமில்ல? பாஸ்போர்ட்டு இல்லாம எப்படிப் போறது?"

கடைக்காரரிடம் இன்னும் இரண்டு பொட்டலம் சேர்த்துக் கட்டச் சொன்னேன்.