பப்பாளித் திரையில் ஒரு பாதை

ஆரியசாலையில் மிளகாய் மொத்தக் கடைக்கு மேல்மாடியில் துணிக்கு அச்சடிக்கிறோம். சேலை, மெத்தை விரிப்பு, ஜன்னல் திரை எல்லாம் உண்டு. அச்சான துணி காய்ந்ததும் புறம் திருப்பிச் சூடாகத் தேய்ப்பது என் வேலை. அப்போதுதான் சாயம் இறுகும், தண்ணீரில் இளகாது. அதனால் எந்தப் படத்தையும் நான் முதலில் பின்பக்கமாகத்தான் பார்ப்பேன். முன்பக்கம் பளீரென்று இருக்கிற பூ, பின்பக்கம் பால் கலந்தது போல மங்கித் தெரியும். எனக்கு அந்த மங்கல்தான் பிடிக்கும். இஸ்திரிப் பெட்டியின் சூட்டில், தூக்கமும் இல்லாமல் விழிப்பும் இல்லாமல், மனசு அதற்குள் போய்விடும்.

இந்த இடத்தை நடத்துகிற பெண் ஸ்ரீவராகத்துக்காரி. போன சித்திரை வரைக்கும் கடைக்காரர்கள் கொடுத்த படங்களைத்தான் அச்சடித்தாள். முதல் முறையாக அவளே வரைந்த படத்தை, விழிஞ்ஞத்தில் ஒரு ஹோம்ஸ்டேக்காரர் ஜன்னல் திரைக்குக் கேட்டிருந்தார். வெட்டிய பப்பாளிப் பழங்கள், கறுப்பு விதைகள், விரல் விரித்த இலைகள். ஒரு சதுரத்துக்குள் வரைந்த படம் மேலும் கீழும் பக்கத்திலும் திரும்பத் திரும்ப வரும். மாதிரிக்கு மூன்று மீட்டர் அடித்தார்கள். மீதி மொத்தத்தையும் மத்தியானம் அடிப்பதாக இருந்தது.

மாதிரியைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தேன். இலைகளுக்கு நடுவே ஒரு வெள்ளைப் பாதை சாய்வாக ஓடியது. ஒரு சதுரத்தில் விட்ட சின்ன இடைவெளி அடுத்த சதுரத்தோடு சேர்ந்து, அதற்கடுத்ததோடும் சேர்ந்து, மூலைக்கு மூலை போயிருந்தது. முன்பக்கத்தின் பளிச்சென்ற நிறத்தில் கண் அதைத் தாண்டிவிடும். ஜன்னலில் தொங்கவிட்டுப் பின்னாலிருந்து வெயில் அடித்தால் பாதை மட்டும்தான் தெரியும்.

உடனே சொல்லியிருக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான், படித்த பெண்ணிடம் உன் படத்தில் தப்பு இருக்கிறது என்று எப்படிச் சொல்வது என்று கூச்சம். கூச்சம் மட்டும் இல்லை. அந்தப் பாதை எனக்குப் பிடித்துவிட்டது. அதில் செருப்பில்லாமல் நடந்தேன். இரண்டு பக்கமும் பழம், ஈர இலை வாசனை, முழங்காலில் வலி இல்லை. யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. நான் வாயைத் திறந்தால் பாதையை அடைத்துவிடுவார்கள்.

அச்சடிக்கிறவர் வள்ளியூர்க்காரர். சாயம் கலக்கிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"என்ன மயினி, துணியத் தேய்க்கியளா, தாலாட்டுதியளா? ஒரு மணிக்கூரா ஒரே எடத்துல நிக்கியளே."

"தேய்ச்சாச்சு" என்றேன்.

அவர் நீள மேசையில் புதுத் துணியை விரித்துக் குண்டூசி குத்தத் தொடங்கினார். அந்தப் பெண் பக்கத்தில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். அவள் காலையில் கொண்டுவந்த இட்லிப் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்குப் பயம் வந்தது. இது இப்படியே அச்சாகிப் போனால், இனி யாரும் அவளிடம் அவள் படத்தைக் கேட்க மாட்டார்கள்.

மாதிரியை எடுத்துக்கொண்டு போய் ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டேன். பின்னால் நல்ல வெயில்.

அவள் திரும்பிப் பார்த்தாள். கிட்டே வந்து அந்த வெள்ளைப் பாதையை விரலால் மூலைக்கு மூலை தொட்டுப் போனாள்.

"அண்ணா, நிறுத்துங்கோ" என்றாள். பிறகு என்னிடம், "அம்மா, இதை எப்போ கண்டேள்?"

"காலத்த."

"பின்னே ஏன் சொல்லலை?"

"நல்லா இருந்துது. அதான்."

"ரோடு போட்டுக் குடுத்தாத்தான் மயினி வேலைக்கு வருவாவ போல" என்றார் அச்சடிக்கிறவர்.

அவள் சிரிக்கவில்லை. பென்சிலை என் கையில் கொடுத்தாள். "எங்கேயெல்லாம் தெரியறதோ, குறிச்சுக் காட்டுங்கோ."

மூன்று இடத்தில் புள்ளி வைத்தேன். அந்த இடங்களில் பப்பாளிப் பிஞ்சுகளை வரைந்தாள். பச்சை நிறத்துக்குச் சாயம் இறக்குகிற வலைச் சட்டம், ஸ்கிரீன், புதிதாகச் செய்து வர நான்கு நாள் ஆயிற்று. ஹோம்ஸ்டேக்காரர் போனில் திட்டியது எனக்கே கேட்டது. அவள் "செரி சார், செரி சார்" என்று மட்டும் சொன்னாள்.

புது மாதிரியைத் தேய்த்து நானே ஜன்னலில் தொங்கவிட்டேன். எல்லோரும் வந்து பார்த்தார்கள். இலையும் பிஞ்சும் நெருங்கி நின்றன. பாதை இல்லை என்று அவளுக்குச் சந்தோஷம். அச்சடிக்கிறவர் சாய வாளியைத் தூக்கிவிட்டார்.

எனக்கு மட்டும் கீழ்ப்பக்கத்தில், இரண்டு இலைகளுக்கு நடுவே, ஓர் ஆள் நுழைகிற மாதிரி ஒரு சந்து தெரிந்தது. வேறு யார் கண்ணிலும் அது படவில்லை. நான் சும்மா இருந்திருந்தால் அது எனக்கென்று இருந்திருக்கும்.

"இங்க ஒரு எடம் கெடக்கு" என்றேன். "இதையும் அடச்சிரு, மோளே."