வீரனுக்கு மிஞ்சிய சொல்

மலைமேல் இருக்கிற புதூர்நாட்டுக்கு நான் ஜீப் ஓட்டிய காலத்தில் என் வண்டியில் ஏறாத ஆள் கிடையாது. அதில் கெங்கம்மாளை நினைத்தால் மட்டும் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறுவதில்லை. புளி உலுக்கப் போன புருஷன் மரத்திலிருந்து விழுந்து செத்தபின், பிள்ளை குட்டி இல்லாமல் அப்பன் வீட்டுக்கே திரும்பி வந்தவள். அண்ணன் சேட்டு அடிவாரத்தில் மாமியார் வீட்டோடு தங்கிவிட்டான். சாமை விதைத்தது, களை எடுத்தது, அறுத்துச் சுமந்தது எல்லாம் இவள்தான். சாமை விளைகிற அந்த மேட்டுநிலக் கொல்லை மட்டும் அப்பா வீரன் பேரில் இருந்தது.

எண்பத்தொன்றாம் வருஷம் வீரனுக்கு வாதம் அடித்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய், 'சரி' என்ற ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. பசிக்குதா என்றால் சரி. பசிக்கலையா என்றால் அதற்கும் சரி. கெங்கம்மாள் அவர் முகத்தைப் பார்த்துத்தான் சோறு போடுவாள், முகத்தைப் பார்த்துத்தான் வெளியே தூக்கிப் போவாள். இருந்தாலும் ஒவ்வொன்றையும் கேட்டுவிட்டுத்தான் செய்வாள்.

அவள் கடுக்காய் பொறுக்கக் காட்டுக்குப் போயிருந்த ஒருநாள் சேட்டு வந்தான். ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லி அப்பனை யாருடைய ஜீப்பிலோ ஏற்றிக் கீழே கொண்டுபோய், பத்திரம் பதிகிற ஆபீசில் உட்கார வைத்துவிட்டான். கொல்லையையும் வீட்டையும் மகனுக்கு எழுதிக் கொடுக்கச் சம்மதமா என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். வீரன் வேறென்ன சொல்லியிருப்பார்? கைநாட்டும் வாங்கியாயிற்று. சேட்டு வந்து வீட்டைக் காலி பண்ணச் சொன்னபோதுதான் இவளுக்கு விஷயமே தெரிந்தது. இந்த மலையில் எந்தக் காலத்தில் பொம்பளைக்கு நிலம் கொடுத்தார்கள் என்று வேறு கேட்டானாம். பாவிப்பயல், கழுத்தைத் திருகலாம் போலிருந்தது எனக்கு.

இலவச சட்ட உதவியில் பஞ்சாட்சரம் என்ற வக்கீல் கிடைத்தார். சின்ன வயசு, நல்ல மனுஷன். அப்பாவுக்குப் புத்தி நிதானம் இல்லை என்று கோர்ட்டு ஒப்புக்கொண்டால்தான் அவருக்காக மகள் வழக்கு நடத்த முடியும், பத்திரமும் செல்லாமல் போகும், ஜட்ஜே அவரை நேரில் பார்த்து முடிவு பண்ணுவார் என்றார். அப்பனைப் பைத்தியம் என்று நாலு பேர் முன்னால் சொல்லவேண்டுமா என்று கெங்கம்மாள் அழுதாள். கொல்லை போனால் இரண்டு பேரும் எங்கே போய் நிற்பது? கடைசியில் தலையாட்டினாள்.

விசாரணை அன்று நான்தான் வீரனைத் தூக்கிப் போய் நாற்காலியில் உட்கார வைத்தேன். ஜட்ஜ் அனுமதி கொடுக்க, பஞ்சாட்சரம் கேட்டார். இப்போது ராத்திரிதானே? சரி. நீங்கள் வெள்ளைக்காரர்தானே? சரி. கோர்ட்டில் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கெங்கம்மாள் தரையைப் பார்த்தபடி நின்றாள். ஜட்ஜ் எழுத ஆரம்பித்துவிட்டார். அதோடு விட்டுத் தொலைத்திருக்கலாம். வக்கீலுக்கு வாய் சும்மா இருக்குமா? அவளைக் கைகாட்டி இன்னொன்று கேட்டார்.

"உங்க பொண்ணு கெங்கம்மா செத்துப்போச்சுதானே?"

வீரன் அவள் பக்கம் திரும்பினார். வாய் கோணி எச்சில் ஒழுகியது.

"இல்ல," என்றார்.

கெங்கம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டு ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. சேட்டுவின் வக்கீல் எழுந்துவிட்டார். வேண்டாததற்கு இல்லை என்று சொல்லத் தெரிந்த பெரியவர், பத்திரத்துக்குச் சரி என்றதும் தெரிந்து சொன்னதுதான் என்றார். பஞ்சாட்சரம் டாக்டர் சர்ட்டிபிகேட்டை நீட்டிப் பார்த்தார், எடுபடவில்லை. வழக்கு தள்ளுபடி ஆகிவிட்டது.

வக்கீலைத் திட்டிக்கொண்டே மலை ஏறினேன். பிறகு மனசு கேட்காமல், நிலம் போனால் போகட்டும், உங்கப்பனுக்கு உன்னைத் தெரிகிறது பாரும்மா என்றேன். அவள் வீரனின் வாயை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இல்லன்னு சொல்லத் தெரிஞ்ச மனுசன், அன்னிக்கு ஏண்ணா சொல்லல?"

வீரன் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் வந்தார்.

அடிவாரத்தில் ஒரு செங்கல் சூளையில் அவளுக்கு வேலை கிடைத்தது. அங்கேயே குடிசை போட்டு அப்பனை வைத்துக்கொண்டாள். சோற்றிலோ துணியிலோ ஒரு குறை வைக்கவில்லை. ஆனால் பசிக்குதா, வலிக்குதா என்று கேட்பது அடியோடு நின்றுபோயிற்று. ஊட்டுவாள், துடைப்பாள், எழுந்து சூளைக்குப் போய்விடுவாள். அந்த மனுஷன் அவள் போன பக்கமே பார்த்துக்கொண்டு கிடப்பார். பார்க்கச் சகிக்காமல் ஒருநாள், ஒரு வார்த்தை கேளேன் கெங்கம்மா, உனக்கு என்ன குறைந்துவிடும் என்று சத்தம் போட்டேன்.

"நான் கேட்டு, அவரு இல்லன்னு சொல்லிட்டார்னா, அன்னிக்கும் தெரிஞ்சிதான் குடுத்தார்னு ஆயிடாதா? அப்புறம் நான் எப்டிண்ணா அவருக்குச் சோறு ஊட்றது?"

அவர் சாகிறவரைக்கும் அவள் கேட்கவே இல்லை.