பெண்ணைக் கொடுத்த வீட்டு ஒர்க்‌ஷாப்

கார் ஏற்றத்தில் இழுக்கவில்லை, கிளட்ச் மாற்ற வேண்டும் என்றான் மகன். எங்கள் மட்டாஞ்சேரியில் ஒர்க்‌ஷாப்புக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் பள்ளுருத்திக்குத்தான் கொண்டுபோனோம். அங்கே ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர் என் மருமகனின் அண்ணன். பெண்ணைக் கொடுத்த வீட்டில் தொழில் இருக்கும்போது இன்னொரு வாசலில் போய் நிற்பது எங்கள் ஆட்களிடம் வழக்கமில்லை.

அவர் கூலி வாங்கவில்லை. "உங்ககிட்ட வாங்குவேனா அத்தை? சாயா குடிச்சிட்டுப் போங்க" என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அந்த வாரமே என் வீட்டுக்காரரை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகும்போது வெலிங்டன் தீவுப் பாலத்தில் கார் நின்றுவிட்டது. முன்மூடியைத் திறந்தால் ஒரே ஆவி. சூடு ஆறாமல் அசையாது என்றான் மகன். பின்னால் லாரிக்காரர் ஒருவர் தலையை நீட்டி, "எந்தா சேட்டா, மீன் பிடிக்கவா நிக்கிற?" என்று கத்தினார். மகன் சிரித்து வைத்தான். வீட்டுக்காரருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது. நீர் கோத்த காலைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவருடைய படுக்கையில் வேறு ஆள் கிடந்தார். சாயங்காலம் வரை நாற்காலியில் காத்திருந்தோம்.

"என்ஜினைக் குளிர வைக்கிற ஃபேன் சுத்தலைம்மா. கிளட்ச்சுக்குக் கழட்டினப்ப எதையோ மாட்டாம விட்டுட்டாங்க" என்றான் மகன்.

மறுபடியும் பள்ளுருத்தி. மரியாதையாகத்தான் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "கிளட்ச் எப்படி இருக்கு அத்தை?"

"நல்லா இருக்கு மாப்பிள்ளை."

"அப்ப என் பணி நல்லா இருக்கு. இது வண்டியோட வயசு. மனுஷனுக்கே கிட்னி போகுது, இல்லையா?"

என் வீட்டுக்காரர் காருக்குள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

மருமகனின் அண்ணன் வண்டியை வாங்கி வைத்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். மறுபடியும் அதே பாலத்தில் நின்றது.

வேறு இடத்தில் காட்டலாம் என்றான் மகன். ஒர்க்‌ஷாப்காரர்கள் ஒருவருக்கொருவர் சாமான் கடன் வாங்கிப் பிழைப்பவர்கள். காலையில் காட்டினால் சாயங்காலம் பள்ளுருத்திக்குத் தெரிந்துவிடும். அதற்குள் மகளே போன் செய்தாள். "நீ குறை சொன்னேன்னு இங்க யாரும் என்கிட்ட முகம் கொடுத்துப் பேசறதில்லை. மாமியார் எனக்குச் சோத்தைத் தட்டோட தள்ளி விடறாங்க. வேற எங்கயும் கொண்டுபோயிடாதேம்மா, உன் காலைப் பிடிக்கிறேன்."

மாநகராட்சியில் தெருக் கூட்டிப் பிள்ளைகளை வளர்த்தவள் நான். அதிகாரம் பண்ணின எந்த மேஸ்திரிக்கும் வாய் அடங்கினதில்லை. மகளிடம் மட்டும் "சரி, எங்கயும் கொண்டுபோகல" என்றேன்.

கார் இப்போது உறை போட்டு நிற்கிறது. நாங்கள் ஆட்டோவில் போய் வருகிறோம். திரும்பும்போது குலுக்கலில் அவர் வாந்தி எடுப்பார். ஒரு துண்டும் பாட்டிலில் தண்ணீரும் கையிலேயே வைத்திருப்பேன்.

போன வாரம் வரும் வழியில் போன் அடித்தது. பள்ளுருத்திக்காரர்தான்.

"வண்டி எப்படி ஓடுது அத்தை?"

"நல்லா ஓடுது மாப்பிள்ளை."

"ஆட்டோ சத்தம் கேக்குதே?"

"தெருவில போகுது."

என் தோளில் சாய்ந்திருந்தவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். துண்டை எடுத்து அவர் வாயருகே பிடித்தேன்.