ஒரு கரண்டித் தயிர்

எலும்பு மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, "ஒரே ஒரு படியிலிருந்தா விழுந்தாள்?" என்று மறுபடியும் கேட்டார். ஆமாம், வாசற்படிதான். அந்த உயரத்திலிருந்து விழுந்து எட்டு வயதுப் பிள்ளையின் முன்கை முறிந்திருக்கக் கூடாது என்பது அவர் கேட்ட விதத்திலேயே தெரிந்தது. இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லி, முடிவோடு குழந்தை மருத்துவரைப் பார்க்க அனுப்பினார்.

குழந்தை மருத்துவர், மகள் என்ன சாப்பிடுகிறாள் என்று விசாரித்தார். பால் கிடையாது, தயிர் கிடையாது, நெய் கிடையாது, கோதுமை கிடையாது என்று என் மனைவி சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

"பால் குடிச்சு அலர்ஜி ஏதும் வந்ததா?"

"இல்ல டாக்டர். ஆட்டிசத்துக்காக நிறுத்தினோம்."

மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை. பாலை நிறுத்தினால் ஆட்டிசம் குறையும் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை, எலும்பு பலவீனமாக இருப்பதற்கு ஆதாரம் கையில் இருக்கிறது என்றார். முதலில் ஒரு கரண்டித் தயிரில் தொடங்கச் சொன்னார். சில நாள் பார்த்துவிட்டுக் கூட்டலாம், பிறகு பால்.

நாகர்கோவிலிலிருந்து பூதப்பாண்டிக்குப் பேருந்தில் வரும்போது மனைவி சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்து, சீட்டுக் கம்பியில் நெற்றியை உரசிக்கொண்டு முனகினாள். இறங்குவதற்குச் சற்று முன்னால் மனைவி கேட்டாள்: "அந்தச் சொல்லும் போயிட்டுன்னா?"

அந்தச் சொல் 'தா'. மகளுக்கு இருப்பது அது ஒன்றுதான்.

அவளுக்கு ஐந்து வயது இருக்கும்போது திருவனந்தபுரத்தில் ஒரு பயிற்சி நிலையத்தில் பாலையும் கோதுமையையும் நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினோம். அந்த வருடக் கடைசியில் அவள் இரவில் எழுந்து அலறுவது குறைந்தது. பிறகு ஒருநாள் வாழைப்பழச் சீப்பைப் பார்த்து, "தா" என்றாள். அதுவரை எங்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பொருளின்மேல் வைப்பாள். அவ்வளவுதான் அவள் பேச்சு.

நான் பத்திரிகையில் செய்தி திருத்துகிற வேலை பார்க்கிறவன். 'அதற்குப் பிறகு' என்று எழுத வேண்டிய இடத்தில் 'அதனால்' என்று எழுதிவரும் நிருபர்களை நிறையத் திருத்தியிருக்கிறேன். வீட்டில் அந்தப் பேனாவை எடுக்கவில்லை. பாலை நிறுத்தினோம், பிள்ளை பேசினாள். அதை யாரும் கேட்காமலே எல்லோரிடமும் சொன்னோம்.

வீட்டுக்குப் பால் வருவது நின்றது. நாங்களும் கட்டன்காப்பிக்கு மாறினோம். கல்யாண வீடுகளில் பாயச வாளி பந்திக்கு வருமுன் இலையை மூடிவிட்டு, மகளைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவோம். எங்கள் பக்கத்தில் பாயசத்துக்கு முன் எழுவது வீட்டுக்காரர்களை அவமதிப்பது போல. பிறகு கல்யாணங்களுக்குப் போவதையே விட்டோம்.

தயிர் கொடுக்க ஒரு சனிக்கிழமையைத் தேர்ந்தோம். மகள் சோறு தின்னத் தொடங்கிய நாளிலிருந்தே சனிக்கிழமைதோறும் மைனி அவியல் கொண்டுவருவாள். மைனி என் மனைவியின் அக்கா, அதே தெருவில் இருக்கிறாள். மகள் தொடுகிற ஒரே காய்கறிப் பண்டம் அவள் வைக்கும் அவியல்தான். நேந்திரங்காய்த் துண்டுகளை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு, தேங்காய் அரைப்பைத் தட்டோடு நக்குவாள். மனைவி வைத்தால் தொடமாட்டாள். அதனால் மைனி அவியலிலேயே தயிரைக் கலந்து கொடுத்துவிடலாம் என்பது ஏற்பாடு.

மனைவி தயிர்க் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மைனி தூக்குவாளியைத் திறந்தாள்.

"என்னட்டி, கிண்ணமும் கையுமா நிக்க?"

"டாக்டர் தயிர் குடுக்கச் சொல்லியாச்சுக்கா. இதுல ஒரு கரண்டி கலக்கணும். எனக்கு கை வரமாட்டேங்கு."

"இதுலயா? இன்னும் ஊத்தினா புளிச்சுப் போவுமே. நான் அடுப்ப அணச்சதும் ஊத்திட்டேம்லா."

"என்னத்த?"

"தயிரத்தான். மாங்கா கிட்டுற நாளு மாங்கா. கிட்டாத நாளு தயிரு. பின்ன புளிப்புக்கு எங்க போவ?"

மனைவி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "எப்பவுமா?"

"இது என்னட்டி கேள்வி? நம்ம அம்ம எப்படி வச்சா? பாலு கூடாதுன்னிய, பாலு நான் குடுத்தேனா? உங்க வீட்டுக்கு வந்தா நானே கட்டன்லா குடிக்கேன், சவத்தெளவ." பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "நல்லதுதானே? பிள்ள தயிரத் தின்னுக்கிட்டுதான் பேசியிருக்கா. இனி என்ன பேடி உங்களுக்கு?"

அந்த அவியலை வாராவாரம் நாங்களும் தின்றிருக்கிறோம். தயிர் என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை. மோரில் தயிர் இருக்கும், தயிர்ச்சாதத்தில் தயிர் இருக்கும். அவியலில் இருப்பது அவியலின் புளிப்பு. அப்படித்தான் இருவரும் வளர்ந்திருந்தோம்.

மைனி சொன்னது சரி. பயப்பட ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. மனைவி அடுக்களையில் போய் நின்றாள். அழவில்லை. "அப்ப நாம ஒண்ணுமே செய்யல்லியா?" என்றாள். மகளுக்காக நாங்கள் செய்தவற்றில் பலன் தந்தது என்று சொல்லப் பாலை நிறுத்தியது ஒன்றுதான் இருந்தது.

தயிரைக் கூட்டினோம். பிறகு பால். முதல் தடவை டம்ளரைத் தட்டிவிட்டாள். கருப்பட்டி கலந்தபோது குடித்தாள். நான் வேலையில் பழகிய கண்ணோடு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விசிறியைப் பார்த்துக் கையை உதறுவது அப்படியே இருந்தது. முனகல் அப்படியே இருந்தது. தூக்கம் கெடவில்லை, கூடவுமில்லை. மோசமாக ஏதாவது நடந்திருந்தால்கூடப் பாலைக் குற்றம் சொல்லியிருக்கலாம். பத்திரிகைப் பேச்சில் சொன்னால், இதில் செய்தி இல்லை.

கை எலும்பு கூடிவிட்டது. மருத்துவருக்குத் திருப்தி. மனைவி மட்டும் இன்னும் கட்டன்காப்பிதான் குடிக்கிறாள். கேட்டால், "பழகிட்டு" என்கிறாள்.

காலையில் மகள் பாலைக் குடித்து முடித்து, காலி டம்ளரை எங்களை நோக்கி நீட்டுகிறாள். "தா" என்கிறாள். சொல் போகவில்லை. மனைவி இன்னும் கொஞ்சம் ஊற்றுகிறாள். அடுத்த சொல்லுக்காக எதை நிறுத்துவது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.