செல்வராணியின் ஈசானிய மூலை

செய்தி வந்தபோது நான் மரத்தில் இருந்தேன். சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் ஒரு சடங்கு வீடு. வாசல் வேம்பில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டிருந்தேன். பையில் போன் அடித்தது. எங்கள் பேரூராட்சியில் கட்சிக்குச் செயலாளராக இருக்கும் சுப்பையா அண்ணன்.

“பாய், எங்க இருக்கீங்க?”

“மரத்துல இருக்கேண்ணே.”

“எறங்கிக்கங்க. செல்வராணி போயிருச்சு.”

“எங்கண்ணே, மதுரை ஆஸ்பத்திரிக்கா?” என்று கேட்டேன். “வீட்டுக்குக் கொண்டாந்துட்டாங்க பாய்” என்றார். அப்போதுதான் புரிந்தது. எப்படி இறங்கினேன் என்று தெரியாது. குழாய் பாதி கட்டியபடியே தொங்கியது. ஞாயிற்றுக்கிழமைதான் அவளைப் பார்த்திருந்தேன். மஞ்சள் காமாலை கண் வரைக்கும் ஏறியிருந்தது. “ஊருக்கெல்லாம் தண்ணியக் காய்ச்சிக் குடிங்கன்னு என்னைய மைக்குல கத்த விட்ட. நீ மட்டும் காய்ச்சாமக் குடிச்சியா தாயி?” என்று கேட்டேன். சிரித்தாள். “வெளியூர்க் கூட்டத்துல குடிச்சது காதரண்ணே. நம்ம ஊருத் தண்ணி மேல பழி போடாதீங்க” என்றாள். என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். முப்பத்து மூன்று வயது.

நான் மைக்செட் காதர். இந்த நினைவு மலரில் பெரிய மனிதர்கள் எல்லாம் எழுதுகிறார்கள். எனக்கு அஞ்சாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. ஆனால் ‘அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே’ என்று முப்பது வருடம் கத்தியதில் எழுத்துத் தமிழ் நாக்கில் ஒட்டிக்கொண்டது. அவளை ‘அவர்’ என்று எழுதச் சொன்னார்கள். கை வரவில்லை. தங்கச்சியை எந்த அண்ணன் ‘அவர்’ என்பான்?

செல்வராணி எங்கள் வார்டுக் கவுன்சிலர் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அவள் எப்படி வேட்பாளர் ஆனாள் என்பது அன்று கட்சி ஆபீசில் இருந்த எட்டுப் பேருக்குத்தான் தெரியும். நான் ஒன்பதாவது ஆள். மைக் மாட்டப் போயிருந்தேன். அவள் காலனிப் பெண், கல்லூரி முடித்துவிட்டு நூற்பாலையில் வேலை பார்த்தவள். பக்கத்திலேயே காலனிக்காரர்கள் மட்டும் நிற்கக்கூடிய தனி வார்டு ஒன்று இருந்தது. சுப்பையா அண்ணன் அதைத்தான் கொடுத்தார்.

“தனி வார்டு சும்மா கெடக்கும்மா. கண்ண மூடிக்கிட்டு ஜெயிச்சுரலாம். நீ எதுக்குப் பொது வார்டக் கேக்குற?”

“என் வீடு பொது வார்டுலதானண்ணே இருக்கு. வீட்டத் தூக்கிட்டுப் போயி அங்கிட்டு வைக்கவா?”

“வடக்குத்தெருச் சாதிக்காரங்க ஓட்டு வராதும்மா. அந்தக் கோவத்துல சுத்தியிருக்க நாலு வார்டும் போயிரும்.”

“இம்புட்டு வருசமா வடக்குத்தெருவுக்குப் பிடிச்ச ஆளத்தானண்ணே நிறுத்துனோம். இந்த வார்டுல எத்தன தடவ ஜெயிச்சோம்?”

எட்டுப் பேரும் தரையைப் பார்த்தார்கள். ஒரு தடவை கூட ஜெயித்ததில்லை. அந்த அமைதியில் நான் மைக்கைத் தட்டி, “ஹலோ, ஹலோ, யாராவது பதில் சொல்லுங்கள்” என்று சோதித்துப் பார்த்தேன். சிரித்துவிட்டார்கள். எப்படியும் தோற்கிற வார்டு, அந்தப் புள்ளையாவது தோற்றுப் பார்க்கட்டும் என்று கொடுத்தார்கள். அன்றைக்குக் கட்சி அவள் மேல் வைத்திருந்த நம்பிக்கை அவ்வளவுதான். மலரில் இதை யாரும் எழுத மாட்டார்கள். அதனால் நான் எழுதுகிறேன்.

அடுத்த சண்டை, வண்டி எங்கிருந்து கிளம்புவது என்பதில். எங்கள் பக்கத்தில் எந்தக் கட்சி வேட்பாளரானாலும் ஊரின் ஈசானிய மூலையில், அதாவது வடகிழக்கில், நல்ல நேரம் பார்த்துத்தான் முதல் ஓட்டைக் கேட்பார். அங்கே தொடங்கினால் ஜெயம் என்று நம்பிக்கை. வடக்குத்தெருப் பிள்ளையார் கோயில்தான் ஈசானிய மூலை என்று எங்கள் ஊரில் பேச்சு. வண்டி அங்கே கிளம்பும், கடைவீதி சுற்றும், கடைசி நாள் கடைசி மணியில் காலனிக்குள் நுழையும். நுழைந்து நான் தொண்டையைச் செருமுவதற்குள் பிரசார நேரம் முடிந்துவிடும். முப்பது வருடம் எல்லாக் கட்சிக்கும் நான் ஓட்டிய வழி அது. ஏன் இப்படி என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. இதையும் எழுதத்தான் வேண்டும்.

“எல்லா வேட்பாளரும் அவங்கவங்க வாசல்ல மாலை போட்டுக்கிட்டுத்தான் கோயிலுக்கே வர்றாங்க. நானும் எங்க வாசல்ல இருந்து கெளம்புறேன்” என்றாள் செல்வராணி.

“எம்மா, ஒனக்குச் சாமி இல்லேன்னா இருக்கட்டும். கட்சிக்காரனுக்கு இருக்குல்ல?” என்றார் சுப்பையா அண்ணன். “ஈசானியத்த விட்டுட்டு எங்கிட்டோ தொடங்குனா ஒருத்தன் வரமாட்டான்.”

“செரிண்ணே. ஈசானியத்துலயே தொடங்குவோம்.”

எனக்கே சப்பென்று ஆகிவிட்டது. அவள் என் பக்கம் திரும்பினாள். “காதரண்ணே, ஒங்க போனுல தெசை பாக்குறது இருக்குல்ல?”

இருந்தது. தொழுகைக்குக் கிப்லாத் திசை பார்க்க என் மகள் ஏற்றிக் கொடுத்தது. ஊருக்கு நட்ட நடுவில், பேரூராட்சி ஆபீஸ் வாசலில், போனை நடுவில் பிடித்துக்கொண்டு எல்லோரும் வட்டமாக நின்றோம். முள் ஆடி ஆடி நின்றது. பிள்ளையார் கோயில் வடக்கில் இருந்தது. கொஞ்சம் மேற்கே கூடச் சாய்ந்திருந்தது. சரியான வடகிழக்கில், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், தென்னைகளுக்கு மேலே தலையை நீட்டியது காலனித் தண்ணீர்த் தொட்டி.

எல்லோரும் அந்தத் தொட்டியையே பார்த்தார்கள். நான் சும்மா இருப்பேனா? “அப்ப இம்புட்டு வருசமும் தப்பான மூலையில ஓட்டுக் கேட்டுத்தான் தோத்தமாண்ணே?” என்றேன்.

சுப்பையா அண்ணன் போனை வாங்கிக் குலுக்கிப் பார்த்தார். “பாய் போனு மக்காவத்தான காட்டும்” என்றார்.

“மக்கா மேக்கால இருக்குண்ணே. இது காலனி.”

மறுநாள் காலை நல்ல நேரத்தில் வண்டி செல்வராணி வாசலில் இருந்து கிளம்பியது. அவள் அம்மா தேங்காய் உடைத்தார். எங்கள் கட்சிக்காரர்களில் பாதிப் பேர் அந்தத் தெருவை நின்று பார்த்ததே அன்றைக்குத்தான். கிளம்பும் முன்னால் எந்தெந்தத் தெரு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். ஒவ்வொரு எழுத்தும் கட்டைவிரல் அளவு. “ஓட்டிக்கிட்டே படிக்கணும்ல” என்றாள். நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன் என்பது அவளுக்குத் தெரியும். அதை நான்கு பேர் முன்னால் சொல்லாமல் இருக்கவும் தெரியும்.

வடக்குத்தெருவில் வண்டி நுழைந்ததும் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. யாரும் திட்டவில்லை. கதவு மட்டும்தான். அந்தப் பதற்றத்தில் என் வாய் பழைய தடத்தில் ஓடிவிட்டது. அதற்கு முந்தைய தேர்தலில் நான் எதிர்க்கட்சிக்கு வண்டி ஓட்டியவன். “உங்கள் பொன்னான வாக்குகளைக் குடைச் சின்னத்தில்…” என்று தெரு அதிரச் சொல்லிவிட்டேன். எங்கள் சின்னம் மேசை விளக்கு! பின்னால் நோட்டீஸ் கட்டோடு நின்றவள் பாக்கியம். நூற்பாலையில் செல்வராணிக்குப் பக்கத்து மெஷின்காரி. என் முதுகில் ஒரு குத்து விட்டாள். “யாருக்குண்ணே கேக்குறீங்க?”

ஒரு ஜன்னல் திறந்தது. உள்ளே சிரிப்பு. பிறகு இன்னொரு ஜன்னல். யார் சிரிக்கிறார்கள் என்று பார்க்க ஒரு கதவே திறந்தது. செல்வராணி மைக்கை வாங்கினாள்.

“எங்க அண்ணன் நன்றியுள்ளவரு. போன தடவ சோறு போட்டவங்கள மறக்கல. குடைக்குப் போடுறவுங்க தாராளமாப் போடுங்க. ஆனா மழை பேஞ்சா இந்தத் தெருவுல முழங்கால் அளவு நிக்கிற தண்ணிய எந்தக் குடை வந்து எறைச்சுச்சு? நான் ஜெயிச்சா மொத வேலை இந்தத் தெரு வாய்க்காதான். நீங்க எனக்கு ஓட்டுப் போட்டாலும் வெட்டுவேன். போடாட்டியும் வெட்டுவேன்.”

அன்றிலிருந்து எனக்குப் பெயர் ‘குடைக்காரரே’. சித்திரை வெயிலிலும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

கட்சி அடித்த சுவரொட்டியில் எல்லா வேட்பாளர் படமும் இருந்தது. அவள் படம் கீழ் மூலையில், தபால்தலை அளவில். மற்ற வார்டு வேட்பாளர்கள் அதுவும் வேண்டாம் என்றார்கள். ஆனால் அவர்கள் வார்டுக் காலனிகளுக்குப் போனால், “அந்தப் புள்ள வரலையா?” என்றுதான் முதல் கேள்வி. ஒரு வேட்பாளர் என்னைத் தூது விட்டார். பெயர் வேண்டாம்; நினைவேந்தல் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். காலனிக்குள் மட்டும் வந்து பேசட்டும், மெயின் தெருப் பக்கம் தலை காட்ட வேண்டாம் என்பது அவர் கோரிக்கை. நான் போனபோது அவள் வாய்க்கால் பாலத்தில் உட்கார்ந்து தக்காளிச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“வந்தா ரெண்டு பக்கமும் வருவேன். இல்லாட்டி ரெண்டு பக்கமும் வரமாட்டேன். போயிச் சொல்லுங்க குடைக்காரரே.”

“நம்ம கட்சிதான தாயி. ஜெயிக்கட்டுமே.”

“காலனிக்கு மட்டும் நானுன்னா, அப்புறம் தனி வார்டுக்கே போயிருக்கலாமேண்ணே.”

போய்ச் சொன்னேன். அவர் கூப்பிடவில்லை. தோற்றார்.

செல்வராணி கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தாள். கட்சி கையில் இருந்த இரண்டு வார்டு போயிற்று. இதுவரை தொடவே முடியாத மூன்று வார்டு வந்தது. ஒன்று அவளுடையது; மற்ற இரண்டின் வேட்பாளர்களும் அவள் சொன்னதற்கு ஒத்துக்கொண்டு கூப்பிட்டவர்கள். மூன்றிலும் அவள் இரண்டு பக்கமும் நடந்து ஓட்டுக் கேட்டிருந்தாள். அவளால் கட்சிக்கு ஓட்டு வந்ததா, போனதா என்று இன்றைக்கும் டீக்கடையில் சண்டை நடக்கிறது. இரண்டும்தான் நடந்தது. ஆனால் ஆய்வுக் கூட்டத்தில் வந்த மூன்றைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. “ஒன்னாலதான் ரெண்டு வார்டு போச்சு” என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். நானாக இருந்தால் அழுதிருப்பேன். அவள் எழுந்து சொன்னாள்:

“போன ஓட்டு நம்ம ஓட்டு இல்லண்ணே. நாம வாயத் தொறக்காம இருக்குற வரைக்கும் நம்மகிட்ட இரவலா இருந்த ஓட்டு. வந்த ஓட்டு முப்பது வருசமா வாசல்ல உக்காந்திருந்துச்சு. நாமதான் கடைசி நாளு போனோம்.”

ஜெயித்த பிறகு முதல் வேலையாக வடக்குத்தெரு வாய்க்காலை வெட்டினாள். “ஓட்டுப் போடாதவனுக்கு எதுக்கு வாய்க்கா?” என்று காலனியிலேயே கேட்டார்கள். “மைக்குல சொல்லிட்டேன். குடைக்காரர் சாட்சி” என்றாள். நானும் தலையை ஆட்டினேன்.

அவள் இறந்த அன்று அறிவிப்புக்கு நான்தான் போனேன். சுப்பையா அண்ணன் பழக்கத்தில், “பிள்ளையார் கோயில்ல ஆரம்பிச்சிருங்க பாய்” என்றார். கோயிலைத் தாண்டி ஓட்டிக்கொண்டு போனேன். காலனியில், அவள் வாசலில் இருந்துதான் தொடங்கினேன். ‘காலமானார்’ என்று ஆயிரம் பேருக்குச் சொன்ன வாய், அன்று அந்த ஒரு வார்த்தையில் நின்று நின்று போனது. வடக்குத்தெருவில் ஓர் அம்மா கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தார்.

“நெசமாவா பாய்?”

“ஆமாம்மா.”

வாய்க்காலைப் பார்த்தபடி நின்றார். “நான் அந்தப் புள்ளைக்கு ஓட்டுப் போடல பாய். அடுத்த தடவ போடலாம்னு இருந்தேன்.”

எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பவன் நான். அன்று மைக்கை அணைத்துவிட்டு அந்த வாய்க்கால் ஓரத்தில் அவரோடு நின்றேன்.

இப்போது இடைத்தேர்தல் வரப்போகிறது. ஊரெங்கும் செல்வராணி சுவரொட்டி. தபால்தலை அளவில் இருந்த முகம் இப்போது கதவளவு. வேட்பாளராக வடக்குத்தெருவில் ஒருவரைப் பேசி வைத்திருக்கிறார்கள். அனுதாபத்தில் காலனி போட்டுவிடும், கோபம் தீர்ந்து வடக்குத்தெருவும் திரும்பிவிடும் என்று நினைப்பு. வண்டி கிளம்பும் இடம் மறுபடி பிள்ளையார் கோயில். காலனிப் பெண்கள் பாக்கியத்தை நிறுத்தச் சொல்லிக் கட்சிக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். அது எந்த மேசையில் கிடக்கிறதோ தெரியாது. போன வாரம் சுப்பையா அண்ணன் என்னைத் தேடி, நான் மைக் கட்டப் போயிருந்த பேகம்பூருக்கே வந்துவிட்டார்.

“பாய், ஒங்க கொரல்ல அந்தப் புள்ளையப் பத்தி உருக்கமா நாலு வார்த்த பதிவு பண்ணிக் குடுங்க. ஓட்டு அள்ளும்.”

“யாருக்குண்ணே? பாக்கியத்துக்கா?”

“பாக்கியமா? அதுக்குப் பேச வராதே.”

“அது என் முதுகுல பேசுனத நீங்க கேக்கலண்ணே.”

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பை விட்டுவிட்டுக் கேட்டேன்: “அவ இருந்தப்ப அவ படத்தால ஓட்டுப் போகும்னீங்க. செத்ததும் அவ படத்தால ஓட்டு வரும்ங்கிறீங்க. படம் அதேதானண்ணே?”

“வேற மைக்செட்டு இருக்கு பாய்” என்று எழுந்து போனார். இருக்கிறது. இந்தத் தேர்தலில் கட்சி என் குழாய்களைக் கேட்காமல் போகலாம். கட்சிக்காரர்கள் கல்யாணத்துக்கும் சடங்குக்கும் கூட என்னைக் கூப்பிடாமல் போகலாம். போகட்டும்.

செல்வராணியின் பொருள் என்று என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று. கட்டைவிரல் எழுத்தில் அவள் எழுதிக் கொடுத்த அந்தத் தாள். வண்டியில் ஸ்டியரிங்குக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன். வெயிலில் மை வெளுத்துவிட்டது. ஆனால் முதல் வரியை எழுத்துக் கூட்டாமலேயே படிப்பேன். ‘ஒன்று, காலனி.’

சுப்பையா அண்ணன் நல்ல மனிதர். இந்த மலரைக் கட்டாயம் படிப்பார். அவருக்குத்தான் சொல்கிறேன். அண்ணே, நல்ல நேரம் நீங்களே பாருங்கள். பிரசாரத்தின் முதல் நாள் காலை என் வண்டி செல்வராணி வாசலில் நிற்கும். ஈசானிய மூலை அங்கேதான் இருக்கிறது. வேண்டுமானால் மறுபடி போனைத் தருகிறேன். கட்சி நிறுத்தினாலும் நிறுத்தாவிட்டாலும் பாக்கியம் மனுப் போடுவாள். அவளுக்கு எந்தச் சின்னம் கிடைத்தாலும் சரி. இந்தத் தடவை நான் மாற்றிச் சொல்ல மாட்டேன்.