சுவருக்கு அப்பால் இருந்த றோய் அங்கிள்

மத்தியானங்களில் எங்கள் குசினிச் சுவரைத் தாண்டி ஓர் ஒலி வரும். யாரோ வாய் திறக்காமல் பாடுவது போல, ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு அறுபடாமல் வழுக்கிப் போகும். தொண்ணூறுகளில் கனடாவின் மல்வேர்னுக்குக் குடிவந்து சில வாரங்களுக்குப் பிறகுதான், அது பக்கத்து வீட்டு றோய் அங்கிளின் ‘பெடல் ஸ்டீல் கிற்றார்’ என்று தெரிந்தது. மேசை போல நாலு காலில் நிற்கும் அந்த வாத்தியத்தின் பத்து நரம்புகள்மீது இடக்கையால் ஓர் உருக்குத் துண்டை நகர்த்தி, கீழே பெடலை மிதித்து, ஒலியை அவர் வளைப்பார். ‘கன்ட்ரி’ பாட்டுக் குழுக்களோடு கனடா முழுக்கச் சுற்றிவிட்டு, ஓய்ந்து தனியே இருந்தவர்.

அம்மா யாழ்ப்பாணத்தில் கச்சேரி செய்தவர். கூடப்பிறந்த என் மாமா போரில் ஷெல்லடியில் செத்த நாளிலிருந்து பாட்டை விட்டுவிட்டார். அப்பா எத்தனை முறை கேட்டாலும் ‘வருகுதில்லை’ என்பதுதான் பதில்.

ஒரு நாள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த அம்மா, சுவருக்கு அப்பால் கேட்டதைத் தன்னை அறியாமலே முணுமுணுத்து, கடைசியில் கொஞ்சம் கமகமும் சேர்த்து நீட்டினார். கிற்றார் நின்றது. பிறகு அம்மா பாடியதே தடுமாறித் தடுமாறித் திரும்பி வந்தது. சற்று நேரத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள்.

“சத்தம் எண்டு சொல்ல வந்திருக்கிறார் போல. ‘சொறி’ எண்டு சொல்லு, பிள்ளை,” என்றார் அம்மா.

நான் போய்க் கேட்டுவிட்டு வந்தேன். “இல்லையம்மா, கடைசியிலை வாற வளைவு தனக்குப் பிடிபடேல்லையாம். இன்னொருக்காப் பாடுவீங்களோ எண்டு கேக்கிறார்.”

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு கதவடிக்கு வந்தார். பிறகு பாடினார். முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தார், றோய் அங்கிள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

அதன்பின் சனிக்கிழமைகளில் அந்த வாத்தியம் எங்கள் ‘லிவிங் றூமுக்கு’ வந்தது. அப்பா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, படிக்கட்டில் இருந்து கேட்பார். ஒரு சரஸ்வதி பூசைக்கு அம்மாவும் றோய் அங்கிளும் சேர்ந்து மேடையேறியபோது, “உதென்ன மேசை?” என்று கேட்டவர்கள் பாட்டு முடியும்வரை அசையவில்லை.

நான் ஒன்பதாம் வகுப்புப் படித்த வருடம் றோய் அங்கிள் மாரடைப்பால் இறந்தார். தேவாலயத்தில், அவருடைய பழைய குழுக்காரர்களுக்கு முன்னால், அம்மா குரல் உடையாமல் ஒரு தேவாரம் பாடினார். ஒஷாவாவிலிருந்து வந்திருந்த றோய் அங்கிளின் தங்கை, சனிக்கிழமைப் பாட்டுகளை அவர் பதிந்து வைத்திருந்த ஒரு ‘கசற்’றை அம்மாவின் கையில் வைத்தார்.

இப்போது றோய் அங்கிளின் வீட்டில் வேறு குடும்பம். கசற் போடும் பெட்டிகளும் போய்விட்டன. போன மாதம் அதைக் கணினிக்கு மாற்றி, எழுபது வயதிலும் கோயிலில் பாடிவரும் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். ஓரிடத்தில் பாட்டு நிற்கிறது. “கொஞ்சம் மெதுவா, றோய் அண்ணை,” என்கிறார் இளவயது அம்மா. “ஓம், ஓம்,” என்று அசல் யாழ்ப்பாணத்தாராக ஒப்புக்கொண்டுவிட்டு, றோய் அங்கிள் மறுபடி தொடங்குகிறார்.